ஐந்தாவது லினக்ஸ்

மாலை ஐந்தரைக்கு ஹம்சினி கம்ப்யூட்டரை மறுபடியும் முழுதாக அழித்துக்கொண்டிருந்தாள். இந்த வாரத்தில் இது ஐந்தாவது தடவை. கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்ற இராமநாதனின் சந்தேகத்துக்கு இதற்கு மேல் தீனி வேண்டுமா?

நியூ டவுனில் படகு வடிவமைக்கும் சின்ன கம்பெனி. அவர் தலைமை இன்ஜினீயர். போன மாதம்தான் போட்டிக் கம்பெனியின் கிடர்பூர்க்காரன் ஒருவன் இவர்கள் டிசைனை அப்படியே காட்டி ஆர்டரைத் தட்டிக்கொண்டு போனான். ஹூக்ளி ஆற்றில் ஓடப்போகும் இருநூறு பேர் படகின் டிசைனுக்கு நாளை அவர் கையெழுத்துப் போட வேண்டும். இதுவும் களவு போனால் அவர் நாற்காலியும் போய்விடும்.

ஹம்சினி மதுரையிலிருந்து வந்து சேர்ந்து நாற்பது நாள்தான் ஆகிறது. புதுக் கம்ப்யூட்டர்களுக்கு லினக்ஸ் இயங்குதளத்தில் எந்த வகை சரிப்படும் என்று பார்க்கச் சொன்னவர் அவரேதான். அதற்காகத் தினம் ஒன்றைப் போட்டு, சாயங்காலம் சுவடே இல்லாமல் துடைப்பார்களா? கேட்டால், "இன்னும் ஒண்ணு பாத்துடறேன் சார்" என்கிறாள், முகத்தைப் பார்க்காமல்.

அவள் மண் குவளை டீக்குக் கீழே இறங்கிய நேரம் கீபோர்டைத் தூக்கிப் பார்த்தார். ஒரு சீட்டு. உபுண்டு, டெபியன், ஃபெடோரா என்று ஐந்து லினக்ஸ் பெயர்கள். ஐந்துக்கும் எதிரே அதே எண், 11. சங்கேதமேதான்!

அவள் திரும்பியதும் சீட்டை நீட்டினார். "யாருக்கும்மா இது? உண்மையச் சொல்லு. இல்லேன்னா செக்யூரிட்டியைக் கூப்பிடுவேன்."

ஹம்சினியின் கண் நிறைந்துவிட்டது. "நாளைக்குக் கையெழுத்தாகற படகு சார். கூட்டம் ஒரு பக்கம் ஒதுங்கினா பதினோரு டிகிரிதான் சாயும்னு நீங்க எழுதின ப்ரோக்ராம் சொல்லுது. கையால கணக்குப் போட்டா முப்பது வருது. கவுந்துடும் சார்."

"என் ப்ரோக்ராமா? இருபது வருஷமா ஓடுது. அதை நம்பி நாப்பது படகு ஆத்துல இருக்கு!"

"அதனாலதான் லினக்ஸ்ல கோளாறா இருக்கும்னு நினைச்சேன். ஒவ்வொண்ணா அழிச்சு அழிச்சுப் போட்டுப் பாத்தேன்."

இராமநாதனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "அப்படிச் சொல்லு! அஞ்சுல எதுலம்மா கோளாறு?"

"அஞ்சுமே சரியா இருக்கு சார்."