வாசிக்காத பெயர்

புருஷன் கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றியபோது ராஜமேரிக்கு அழுகை வரவில்லை. மூன்று வருஷமாகவே அவளுக்கு எதுவும் வருவதில்லை, சிரிப்பும்தான்.

அன்று கல்லறைத் திருநாள். நல்லம்பள்ளிக் கல்லறைத் தோட்டத்தில், பக்கத்துக் குழியில், செத்துப் பத்து வருஷமான தன் மாமனாருக்கு ஊரே கேட்க அழுதுகொண்டிருந்தாள் ரோசம்மா.

ராஜமேரி மெழுகுவர்த்தி ஏற்றிய குழிக்குள் அவள் புருஷன் ஸ்தனிஸ்லாஸ் இல்லை. அவன் தில்லியில் உளவு வேலையில் இருந்தவன். அறுபத்தெட்டில் கடைசியாக வந்தபோது காதோடு சொல்லிவிட்டுப் போனான்.

"ஒரு பெட்டி வரும் மேரி. உள்ள நான் இருக்க மாட்டேன். எல்லைக்கு அந்தாண்ட வேற பேர்ல இருப்பேன். ஆரு கேட்டாலும் நான் செத்தவன். நீ வாய் தவறுனா நெசமாவே செத்துருவேன்."

சொன்னபடியே தருமபுரி ஸ்டேஷனில் ஆணி அடித்த பெட்டி வந்து இறங்கியது. தாலியைக் கழற்றினாள், வெள்ளைச் சேலை கட்டினாள். மாமியாரிடம்கூட மூச்சு விடவில்லை.

இன்றைக்கு ஒரு வெளியூர் ஆள் வந்து, செருப்பை ஓரமாகக் கழற்றிவிட்டு, வெறுங்காலோடு குழி முன்னால் நின்றான். வேவு பார்க்க வந்தவன், நன்றாகத்தான் நடிக்கிறான் என்று நினைத்துக்கொண்டாள்.

"அவருக்குத் தெரிஞ்சவன்மா. எப்படி இறந்தார்?"

"அஸ்ஸாமுல வெள்ளங்க. ஆத்தோட போய்ட்டாருங்க." மனப்பாடம் தடங்கலில்லாமல் வந்தது.

"காலைப் பூசையில சாமியார் செத்தவங்க பேரெல்லாம் வாசிச்சாரே, இவர் பேர் வரலையே? மூணு வருஷமா நீங்க பேரே குடுக்கறதில்லைன்னு கோயில் உபதேசியார் சொன்னார்."

ராஜமேரி ஊரை ஏமாற்றினாள், மாமியாரை ஏமாற்றினாள். உயிரோடு இருப்பவனின் ஆத்துமத்துக்குப் பூசை கேட்க மட்டும் மனசு துணியவில்லை. அந்த ஒன்றில் பிடித்துவிட்டானே, என் புருஷனை நானே கொன்றுவிட்டேனே என்று பதறினாள்.

"மறந்துட்டனுங்க..."

அந்த ஆள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "பயப்படாதீங்க. மணல் நிரப்பி அந்தப் பெட்டிக்கு ஆணி அடிச்சவன் நான்தான்."

மூன்று வருஷத்தில் முதல்முறையாக அவளுக்குக் கண்ணீர் வந்தது. "அவரு எப்பங்க வூட்டுக்கு வருவாரு?"

அவன் குனிந்து, காற்றில் அணைந்திருந்த மெழுகுவர்த்தியை மறுபடி ஏற்றினான்.

"பூசைக்குப் பேர் குடுத்துடுங்கம்மா. இனிமே அது பொய்யில்ல."