நடு விலையில் ஒன்று

“இருபத்து மூவாயிரத்து நானூறு. அதுக்கு மேல போகக் கூடாதும்மா” என்றார் சாரக்காரர்.

தொலைநோக்கிக் கடைக்காரரின் மகள் சிரித்தாள். “அது என்னங்க ஐயா, நானூறு வரைக்கும் கணக்கு? எல்லாரும் இருபது, இருபத்தஞ்சுன்னுதான் சொல்லுவாங்க.”

அவர் செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டுத்தான் வந்திருந்தார். அப்படியும் பளபளத்த தரையில் சிமெண்டுக் கால்தடம் விழுந்துவிட்டது. அது தெரியாமல் இருக்க அதன் மேலேயே நின்றுகொண்டார்.

“பறவை பார்க்கவா?”

“கிளாம்ப் பார்க்க.”

முப்பது வருஷம் கட்டடங்களுக்கு வெளியே குழாய்ச் சாரம் கட்டியவர். இப்போது முழங்கால் போய்விட்டது, ஏற முடியாது. ‘கீழே நின்னுக்கிட்டே குழாயைப் பிடிக்கிற எந்தக் கிளாம்ப் தளர்ந்திருக்கு, எந்தப் பலகை கட்டாம இருக்குன்னு சொல்ல முடிஞ்சா இரு. இல்லேன்னா திங்கட்கிழமையிலிருந்து வராதே’ என்று என்ஜினீயர் சொல்லியிருந்தார்.

“அப்போ உங்களுக்கு ஒத்தைக் கண்ணால பார்க்கிற ஸ்கோப்தான் சரி” என்று அவள் மூன்று பெட்டிகளை எடுத்து வைத்தாள். “இது ஒம்பதாயிரம். அறுபது மடங்கு காட்டும்னு போட்டிருக்கும். கூட்டக் கூட்ட இருட்டிக்கிட்டே வரும். வாங்கிட்டு என்னைத் திட்டுவீங்க. இது ஒண்ணரை லட்சம், நானே தொடப் பயப்படுவேன். நடுவுல இருக்கே, இது பத்தொம்பதாயிரத்துத் தொள்ளாயிரம். மழையில நனைஞ்சாலும் உள்ளே ஆவி படியாது.”

“கண்ணு வைக்கிற இடம் வளைஞ்சிருக்கே.”

“உயரத்தைப் பார்க்க அதுதான் வசதி. கழுத்தைத் தூக்க வேண்டாம். குனிஞ்சுக்கிட்டே மேல பார்க்கலாம்.”

“குனிஞ்சு பழக்கம்தான்” என்றார்.

அவள் அதை முக்காலியில் பொருத்தி வாசலில் வைத்தாள். தெருக்கோடியில் ஓர் உயரமான கட்டடம், அதன் உச்சியில் ஒரு பலகை.

“அதுல கீழே பொடி எழுத்து இருக்கு பாருங்க. படிங்க.”

அவருக்கு வியர்த்தது. எழுத்தெல்லாம் பளிச்சென்று தெரிந்தது. அதுதான் சங்கடம்.

“ப... ணி... பணியா... ளர்... பணியாளர்... தே... தேவை.”

கல்லாவில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த முதலாளி தலையை நிமிர்த்தாமலே கேட்டார். “கண்ணாடி மங்கலா, ஆளு மங்கலா?”

“அப்பா, சும்மா இருங்க.”

சாரக்காரருக்குக் காது மடல் சுட்டது. “கண்ணாடி நல்லாத்தான் இருக்கு. எனக்குத்தான் எழுத்து புதுசு. போன வருஷம்தான் கத்துக்கிட்டேன்” என்றவர் மறுபடியும் குனிந்தார். “அந்தப் பலகையில இடது மூலை நட்டு இல்லம்மா. காத்து அடிச்சா யார் தலையிலயாவது விழும். சொல்லி வைங்க.”

அவள் எட்டிப் பார்த்தாள். நிஜம்தான். “அட. வேணும்னா எங்க மூணாவது மாடி ஜன்னல்லேர்ந்தும் பார்த்துடுங்களேன். இன்னும் தூரம் தெரியும்.”

“வேண்டாம்மா. அங்க ஜன்னலுக்கு வெளியே தூண் மறைக்கும்.”

“எங்க மாடிக்கு வந்திருக்கீங்களா?”

“உள்ளே வந்ததில்லை. வெளியே நின்னிருக்கேன்.”

ஏதோ வேடிக்கை என்று அவள் சிரித்தாள். கல்லாவில் பேப்பர் கொஞ்சம் இறங்கியது.

“சரிங்க ஐயா, முக்காலி நாலாயிரத்து இருநூறு. எழுநூறு குறைச்சுக்கிறேன்.” கூட்டிப் பார்த்தவள் கண்ணை அகல விரித்தாள். “பாருங்க, சரியா உங்க கணக்கே வந்துடுச்சு.”

பில் போட்டாகிவிட்டது. சாரக்காரர் சட்டைப் பைக்குள் கையை விட்டார். விட்ட கை வெளியே வரவில்லை. அவளைப் பார்த்தார், தரையைப் பார்த்தார்.

“கொஞ்சம் தண்ணி கொண்டு வர்றியாம்மா?”

“இதோ, பக்கத்துலயே இருக்கு” என்று மேசையிலிருந்த பாட்டிலை நீட்டினாள். நகரவில்லை.

அவர் ஒரு வாய் குடித்தார். “நீ அந்தப் பக்கம் போனா நல்லாயிருக்கும்னு பார்த்தேன்” என்று முணுமுணுத்தார்.

“பணம் குறையுதா ஐயா? வெட்கப்படாதீங்க, சொல்லுங்க.”

“வெட்கமாத்தான் இருக்கு.”

பைக்குள்ளிருந்து பணம் வரவில்லை. பிளாஸ்டிக் உறைக்குள் மடித்து வைத்த ஒரு பழுப்புக் காகிதம் வந்தது. அதை முதலாளியின் முன்னால் விரித்தார்.

“பன்னண்டு வருஷம் ஆச்சுங்க. தலை நரைச்சுப் போச்சு, உங்களுக்கு என்னை அடையாளம் தெரியாது. அப்போ இந்தச் சீட்டைக் கொண்டு வந்தப்ப, ‘கணக்குத் தீர்ந்ததுன்னு எழுதியிருக்கே, படிக்கத் தெரியாதா?’ன்னு கேட்டீங்க. தெரியாதுன்னு சொல்லக் கூச்சம். தெரியும்னு சொல்லிட்டுத் திரும்பிட்டேன். வேற யார்கிட்டயும் காட்டவும் கூச்சம்.”

பிறகு காகிதத்தில் விரலை ஓட்டி, ஓர் எழுத்துகூடத் தடுமாறாமல் படித்தார்.

“‘மூன்றாம் மாடிக்குச் சாரம் கட்டிய கூலியில் பாக்கி இருபத்து மூவாயிரத்து நானூறு. கடை திறந்ததும் கொடுக்கப்படும்.’ எழுதினது உங்க கணக்குப்பிள்ளை. கீழே இருக்கிறது உங்க கையெழுத்து.”

முதலாளி தரையிலிருந்த சிமெண்டுக் கால்தடத்தையே பார்த்துக்கொண்டிருக்க, மகள் பில்லை எடுத்து, ‘பணம் பெற்றுக்கொண்டோம்’ என்ற முத்திரையை அதன்மேல் அழுத்திக் குத்தினாள்.