பகர அடைப்பு

பேனாவின் மூடியைக் கழற்றிவிட்டாள். கைதான் தாளுக்குப் போகவில்லை.

எதிரே அமைச்சகத்து அதிகாரி, டீயை ஆற அமரக் குடித்துக்கொண்டிருந்தார். அவர் தலைக்கு மேலே தலைவரின் படம். போன வாரம்தான் அதை இன்னும் பெரியதாக மாற்றியிருந்தார்கள்.

மேசையில் அச்சுக்குப் போகவேண்டிய பக்கம். அதில், மேட்டில் கிடைத்த கல்வெட்டிலிருந்து அவள் படித்துக் கொடுத்த சொல்.

[ப]ள்ளிமேடு.

பள்ளி என்றால் அந்தக் காலத்துக் கோயில். அப்படியென்றால் தலைவர் அங்கே புதிதாக ஒன்றை எழுப்புவார். மேட்டிலிருக்கும் நூற்றுப் பன்னிரண்டு வீடுகளும் ஆக்கிரமிப்பு ஆகிவிடும்.

அங்கே குடியிருப்பவர்கள் ஊரைக் கள்ளிமேடு என்கிறார்கள். கல்லிலும் அப்படியே இருந்துவிட்டால் யாராலும் அவர்களைக் கிளப்ப முடியாது. ஆயிரம் வருடத்துப் பட்டா அது.

முதல் எழுத்துதான் சிதைந்திருந்தது. தாளில் ஒற்றியெடுத்த மைப்படியில் ஒரு நேர்கோடு மட்டும் விழுந்திருந்தது. ப ஆகலாம். க ஆகலாம்.

இவளுக்கு முன்னால் அந்தக் கல்லைப் படித்தவர் இளம்பரிதி. க என்று எழுதிக் கொடுத்தார்.

ஒரு மாதமாக அவருடைய மனைவி அவரைத் தேடி அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்குகிறார்.

இவள் ப என்று எழுதினாள். எழுதி, பகர அடைப்புக்குள் போட்டாள். ஊகம்தான், உறுதியில்லை என்று அதற்குப் பொருள். படிக்கத் தெரிந்தவர்களுக்குப் புரியும்.

ப தலைவருக்கு. அடைப்பு அவளுக்கு. அதை நம்பித்தான் இத்தனை நாள் தூங்கினாள்.

ஆனால் கல்லை அவள் விரலால் தடவியிருக்கிறாள். தாளில் விழாத ஒரு குறுக்குக்கோடு விரலில் தட்டுப்பட்டது. குறுக்குக்கோடு க-வுக்குத்தான் உண்டு.

அப்போது பக்கத்தில் நின்ற மேட்டுக்காரி ஒருத்தி கேட்டாள்.

"எங்க ஊரு பேரு இருக்காம்மா?"

பார்க்கணும் என்று சொல்லிவிட்டு இவள் ஜீப்பில் ஏறிக்கொண்டாள்.

அதிகாரி கோப்பையைக் கீழே வைத்தார்.

"இந்த ரெண்டு குறியையும் எடுத்துடுங்க மேடம். தலைவர் பார்வைக்குப் போகுது."

"சந்தேகம் இருந்தா போட்டுத்தான் ஆகணும் சார். எங்க துறையோட முறை அது."

இந்த அளவுக்குப் பேசியதே அவளுக்கு ஆச்சரியம்.

அவர் கோபப்படவில்லை. அதுதான் பயமாக இருந்தது. பக்கத்தைத் தன் பக்கம் திருப்பி, நிதானமாகப் பார்த்துவிட்டு, மறுபடி அவளிடம் தள்ளினார்.

"உங்களுக்குச் சந்தேகம் இருக்கா?"

இளம்பரிதியிடமும் இப்படித்தான் கேட்டிருப்பார்களோ?

"இல்ல சார்."

அது பொய் இல்லை. அந்த எழுத்தில் அவளுக்குத் துளி சந்தேகமும் இருந்ததில்லை.

அடைப்பு இரண்டையும் அடித்துவிட்டு, ஓரத்தில் சுருக்கொப்பம் போட்டாள்.