மறுபடியும் அளங்க!

"முதல்லேர்ந்து மறுபடியும் அளங்க, மேடம்!"

ஆய்வுக்கூட அதிகாரிக்குச் சுருக்கென்றது. மிளகாயின் காரத்தை அளப்பதில் அவள் சொன்ன முடிவை இதுவரை யாரும் சந்தேகப்பட்டதில்லை.

எதிரே நின்ற பெரியவரும் லேசுப்பட்ட ஆள் இல்லை. மிகக் காரமான மிளகாய்க்கான போட்டியில் வருஷா வருஷம் கோப்பையைத் தட்டிக்கொண்டு போகிறவர். எல்லோரும் 'காரப்புலி' என்றுதான் கூப்பிடுவார்கள். அளப்பதைப் போட்டியாளர்கள் நேரில் பார்க்கலாம். வந்தவர் இவர் ஒருவர்தான்.

"நீங்க சொன்ன நம்பர் மிளகாயோட காரம் பதினோரு லட்சம் ஸ்கோவில் அலகு. ஏழாம் நம்பர் பன்னிரண்டைத் தாண்டிடுச்சு. அதுக்குத்தான் முதலிடம்."

"யாரோடது அது?"

"எனக்கே தெரியாது. எங்களுக்கு நம்பர் மட்டும்தான் தருவாங்க."

"காயையாவது காட்டுங்க."

மீதியிருந்த பையைக் காட்டினாள். சுருங்கிய ஆரஞ்சு நிறக் காய்கள். நுனியில் தேள்கொடுக்கு மாதிரி வால். பெரியவரின் முகமே மாறிவிட்டது.

"என் காயை அளந்த பிறகுதானே இதை அளந்தீங்க? என் காரம் மெஷின்ல ஒட்டியிருந்து இதுல சேர்ந்திருந்தா?"

தோல்வியை ஏற்க மனசு வராதவர்களை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள். ஆனாலும் கேள்வி நியாயமானது.

புதிதாகக் காய்களை எடுத்து அரைத்தாள். முகமூடியையும் மீறி இருவரும் தும்மித் தீர்த்தார்கள். பொடியை ஆல்கஹாலில் ஊறவைத்து வடிகட்டினாள். கருவியைக் கழுவி, வெறும் ஆல்கஹாலை மட்டும் உள்ளே விட்டாள். திரையில் கோடு தரையோடு தரையாகப் படுத்துக் கிடந்தது.

"பாத்தீங்களா? துளி ஒட்டலை."

இந்தத் தடவை ஏழாம் நம்பரை முதலில் விட்டாள். கோடு கிடுகிடுவென்று மலையாக எழுந்தது. அடுத்து அவருடையது. அந்த மலைக்குப் பக்கத்தில் அது குன்றுதான்.

"யார் வந்து கேட்டாலும் இதே முடிவைச் சொல்வீங்களா?"

"எந்தக் கோர்ட்டுல வேணும்னாலும் சொல்வேன்."

பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவளுக்குப் பாவமாகிவிட்டது.

"மனசை விடாதீங்க ஐயா. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

அவர் அதைக் காதில் வாங்கவே இல்லை. கைபேசியில் யாரையோ அழைத்து, கூடமே அதிரக் கத்தினார்:

"ஏம்மா, ரெண்டு தடவை அளக்க வச்சுட்டேன்! புருஷன் விட்டுக்கொடுத்துத்தான் நீ ஜெயிச்சேன்னு இனிமே ஒருத்தன் வாயைத் திறக்க முடியாது. அலமாரியில என் கோப்பைங்களையெல்லாம் ஓரமாத் தள்ளி வை, உன்னோடதுதான் நடுவுல நிக்கணும்!"