மேல் வளையம்

மருந்து உருண்டை மறுபடியும் கீழே விழுந்தது.

அவள் எடுத்தாள். மண்ணைத் துடைத்தாள். குதிரையின் உதட்டருகே நீட்டினாள்.

பவுனு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

பிறகு இருமியது. வயிறு குழிந்து, விலா எலும்பெல்லாம் தெரிய இருமியது.

ஆடாதோடை, தூதுவளை, திப்பிலி, அதிமதுரம். கருப்பட்டியோடு சேர்த்து எலுமிச்சை அளவுக்கு உருட்டியது அவள் புருஷன் மச்சக்காளை. இருபது நாளாக அவனே இடிக்கிறான். உலக்கையை அவளைத் தொட விடுவதில்லை.

பவுனு கல்யாணக் குதிரை. போன முகூர்த்தத்தில், நாதஸ்வரத்துக்கு நடுவே அது விடாமல் இருமியதில், மாப்பிள்ளை பாதி வழியில் இறங்கி நடந்துவிட்டான்.

இன்று உசிலம்பட்டித் தரகர் வருகிறார். இருமினால் ஏற்றிக்கொண்டு போய்விடுவார்.

அவர் வண்டியில் ஏறிய குதிரையை மறுபடி யாரும் உயிரோடு பார்த்ததில்லை.

உருண்டை மறுபடியும் விழுந்தது.

அவள் மேலே பார்த்தாள். சுவரில், எக்கினால் எட்டும் உயரத்தில், இரும்பு வளையம். கயிறு அதில் இழுத்துக் கட்டியிருந்தது. மாப்பிள்ளை ஏறும் குதிரைக்குத் தலை நிமிர்ந்தே இருக்கவேண்டும். கழுத்து பழகட்டும் என்று மச்சக்காளை அடித்த வளையம். புல்லும் தண்ணீரும்கூட உயரத்தில்தான்.

எக்கி, முடிச்சை அவிழ்த்தாள். கீழே கிடப்பதை அதுவாகவே தின்னட்டும்.

பவுனின் தலை இறங்கியது.

இறங்கிக்கொண்டே போனது. மூக்கு மண்ணைத் தொட்டது. அப்படியே நின்றது.

உருண்டையைச் சீண்டவில்லை.

முதலில் ஒரு சொட்டு. பிறகு நூல் நூலாக. பிறகு கெட்டியாக, மஞ்சளாக, இரண்டு நாசியிலிருந்தும் சளி.

ஒரு பெரிய சீறல். புழுதி பறந்தது.

அவள் இருமலுக்குக் காத்திருந்தாள்.

வரவில்லை.

சுவரின் நிழல் சுருங்கிச் சுவரோடு ஒட்டும்வரை கயிற்றைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தாள். பவுனு தலையைத் தூக்கவே இல்லை.

தெருவில் லோடு வண்டியின் சத்தம் கேட்டது. மண்ணைத் தள்ளி ஈரத்தை மூடினாள். உருண்டையை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"மூணு சுத்து ஓட்டிப் பாத்துக்கிறேண்ணே. இருமுச்சுன்னா ஏத்திக்கங்க," என்றான் மச்சக்காளை, அவள் முகத்தைப் பார்க்காமல்.

தரகர் வெற்றிலையை மென்றார். "ஓட்டுப்பா. எனக்கென்ன அவசரம்."

ஒரு சுற்று. குளம்புச் சத்தம் மட்டும்.

இரண்டு.

மூன்று.

நான்காவதை யாரும் கேட்காமலே, கயிற்றைப் பிடித்துக் கூடவே ஓடி ஓட்டினான்.

தரகர் எழுந்து வேட்டியைத் தட்டினார். "ஒனக்குத்தான்ப்பா மூச்சு இளைக்குது. வேணும்னா ஒன்னைய ஏத்திக்கிட்டுப் போறேன்."

வண்டி காலியாகத் திரும்பியது.

"பாத்தியாடி எம் மருந்த!" அவன் குரல் உடைந்து, சிரிப்பா அழுகையா என்று தெரியாமல் வந்தது.

முந்தானை முடிச்சு அவள் இடுப்பில் கனத்தது.

"ஆமாங்க," என்றாள்.

அவன் கயிற்றோடு சுவரை நோக்கி நடந்தான்.

"மேல கட்டாதீங்க."

"ஏன்டி?"

"மருந்து எறங்கணும்ல."

அவன் வளையத்தைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். பிறகு குந்தி உட்கார்ந்து, தரையில் அடித்திருந்த முளைக்குச்சியில் கயிற்றை நீளமாக விட்டுக் கட்டினான்.

பவுனு குனிந்து அவன் பிடரியில் மூச்சு விட்டது.

சத்தமே இல்லாத மூச்சு.