பழைய தேதி

மூடியைத் திறந்தால் கீல் முனகும். ஒயரைப் பிடுங்கினால் அந்த லேப்டாப்பின் உயிரே போய்விடும். பேராசிரியர் தேடியதும் அப்படி ஒரு கிழத்தைத்தான்.

துறைத் தலைவரான அவருடைய அறைக் கதவைச் சாத்திவிட்டு, அவர் மச்சினன் அதிலிருந்த எல்லாவற்றையும் அழித்தான். கம்ப்யூட்டர் பழுதுபார்ப்பது அவன் தொழில். பழைய ஆபரேட்டிங் சிஸ்டத்தின் சிடியைச் செருகியதும் லேப்டாப் மாவு மில் போல இரைந்தது.

"ஊரே புதுசு கேக்குது, நீங்க பழசைப் போடச் சொல்றீங்களே மாமா?"

"சொன்னதைச் செய் மாப்ள. தேதியைப் பதினஞ்சு வருஷம் பின்னாடி தள்ளு."

எல்லாம் அந்த ஆய்வு மாணவியால் வந்த வினை. அவள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். முனைவர் பட்டத்துக்காக அவரிடம் சேர்ந்தவள், அவர் திருத்த வேண்டிய விடைத்தாள்களைத் திருத்தினாள். அவர் வீட்டு மின்கட்டண வரிசையில் நின்றாள். அவர் மகளை நீச்சல் வகுப்பிலிருந்து கூட்டி வந்தாள். ஒருநாள் உழைப்புச் சுரண்டலைப் பற்றிய ஓர் ஆய்வேட்டைக் கொண்டுவந்து நீட்டினாள். மற்ற வேலைகளைப் போல இதுவும் தனக்காகத்தான் என்று எடுத்துக்கொண்ட பேராசிரியர், அதைத் தன் பெயரில் புத்தகமாகப் போட்டுவிட்டார். படித்துப் பார்க்க நேரமில்லை. அவருக்குக் கூட்டங்களே சரியாக இருந்தன.

அவள் புகார் கொடுப்பாள் என்று அவர் கனவிலும் நினைக்கவில்லை. தான் கொடுத்த ஆய்வேட்டைப் பேராசிரியர் தன் பெயரில் வெளியிட்டிருக்கிறார், எழுதியது யார் என்று விசாரிக்க வேண்டும். அவ்வளவுதான் புகார். திருட்டு என்று தீர்ப்பானால் நாற்காலியும் போகும், ஓய்வூதியமும் போகும்.

ஆகவே அவள் பள்ளிக்கூடத்தில் இருந்த காலத்திலேயே அவர் அதை எழுதி முடித்திருக்க வேண்டும்.

இணையத்தில் சேர்ந்தால் தேதி தானாகத் திருந்திவிடும் என்று மச்சினன் வை-ஃபை கார்டையே கழற்றினான். அந்தக் காலத்துத் தமிழ் எழுத்துருவைத் தேடிப் பிடித்து, ஆய்வேட்டை அதில் மாற்றி ஏற்றினான். பேராசிரியர் தன் பங்குக்குக் கீபோர்டின் இடுக்குகளில் பிஸ்கட் தூளைத் தூவினார்.

ஒயரைப் பிடுங்க முடியாது என்பதால் விசாரணைக் குழுவே அவர் அறைக்கு வந்தது. கூட வந்த கம்ப்யூட்டர் நிபுணர் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு குடைந்து பார்த்தார். சிஸ்டமும் பழையது, கோப்பும் பதினைந்து வருடப் பழையது, குறை ஒன்றுமில்லை என்றார். கதவோரம் நின்ற மச்சினனுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

குழுத் தலைவி பேராசிரியரின் பக்கம் திரும்பினார். புத்தகம் முழுக்க முழுக்க அவர் எழுதியதுதானா என்று கேட்டார்.

"ஒவ்வொரு வரியும் என் ரத்தம் மேடம். இந்தத் தேதிக்கு முன்னாடி இதுல ஒரு வாக்கியம்கூட உலகத்துல கிடையாது."

அதை அப்படியே பதிவு செய்யச் சொன்னார் தலைவி. மாணவி சுவரோரம் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். அழுகையை அடக்குகிறாள் என்று பேராசிரியருக்குத் தோன்றியது.

"நீ என்னம்மா சொல்ற?"

"சத்தியமா அதை நான் எழுதல மேடம்."

பேராசிரியரின் நெஞ்சில் பால் வார்த்தது போலிருந்தது. பெருந்தன்மை பொங்கிவிட்டது. சின்னப் பெண், தெரியாமல் செய்துவிட்டாள், படிப்பைக் கெடுக்க வேண்டாம் என்று அவரே சிபாரிசு செய்தார்.

தலைவி விடவில்லை. "நீ எழுதலைன்னா உன் கைக்கு எப்படி வந்தது?"

"நம்ம லைப்ரரில இருந்துதான் மேடம், இருபது வருஷத்துக்கு முன்னாடி சார் டாக்டர் பட்டம் வாங்கின ஆய்வேடு அது, தலைப்பை மட்டும் மாத்தி டைப் அடிச்சுக் கொடுத்தேன், சாருக்கு அடையாளமே தெரியல."