உப்புப் பார்க்காத சமையல்

"இன்னைக்கும் உப்பு இல்ல, மச்சான்" என்றாள் ஜெரலின், வாய் நிறையச் சோற்றை வைத்துக்கொண்டு.

என் மனைவியின் தங்கை. காசினோ சமையற்கட்டில் ராத்திரி வேலை. போகிற வழியில் எங்கள் வாசலில் வண்டியை நிறுத்தி, எஞ்சினைக்கூட அணைக்காமல், ஒரு கிண்ணம் சாப்பிட்டுவிட்டுத்தான் போவாள்.

நான் மரம் அறுக்கும் ஆலையிலிருந்து வந்து பூட்ஸைக் கழற்றியிருக்கவில்லை. காலடியில் பனி உருகிக் குட்டையாகிக்கொண்டிருந்தது. ஏழு மணிக்குப் பெரியவள் டானிக்குப் பள்ளிக்கூடத்தில் கூடைப்பந்து ஆட்டம். அதற்குள் சமைத்து, தின்று, கிளம்பியாக வேண்டும்.

வேலைநாளில் எங்களைக் காப்பாற்றுவது இந்த அரிசிதான்.

கடையில் விற்கிற கறுப்பு அரிசி ஒரு மணி நேரம் கொதித்தாலும் கல்லாய்க் கிடக்கும். இது எங்கள் ஏரியில் தானாய் விளைந்தது. படகில் போய்க் கதிரைத் தட்டி எடுத்து, விறகு நெருப்பில் வறுத்து வைத்தது. இருபது நிமிடத்தில் வெடித்துச் சுருண்டுவிடும். வெங்காயத்தை வதக்கி, மான்கறியைப் போட்டு, ஒரு டின் காளான் சூப்பை மேலே கவிழ்த்தால் முடிந்தது வேலை. புகை வாசம் கோட்டுப் பைக்குள்கூடப் போய் உட்கார்ந்துகொள்ளும்.

"உப்பு இல்லப்பா" என்றாள் டானி, ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டே.

"இல்லவே இல்ல" என்றாள் வில்லா. சின்னவள். ஆறு வயசு. இவளுக்கு என்ன தெரியும்.

"போன வியாழக்கிழமையும் இதேதான் சொன்னீங்க" என்றேன்.

"போன வியாழக்கிழமை வெறும் ஏரித்தண்ணி மாதிரி இருந்துச்சு" என்றாள் ஜெரலின். "இன்னைக்கு எவ்வளவோ தேவல. ஏரியில ஒரு மீன் செத்துக் கிடக்கு. ஏஏஏய்!"

எங்கள் பக்கத்தில் கேலியை அப்படி இழுத்துத்தான் முடிக்க வேண்டும். பிள்ளைகளும் கூடச் சேர்ந்து இழுத்தார்கள். கொழுந்தியாள் கேலி செய்தால் மச்சான் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். அதுவும் எங்கள் பக்கத்து வழக்கம்.

சமைக்கிறவன் ஒரு வாய் போட்டுப் பார்த்தால் என்ன என்று வெளியூர்க்காரன் கேட்பான்.

எங்கள் பழங்குடியில், வீட்டில் ஒரு சாவு விழுந்தால் அந்த வருஷம் புது அரிசியைத் தொடமாட்டோம். வருஷம் கழிந்த பிறகும் நாமாக அள்ளி வாயில் போட்டுக்கொள்ளக் கூடாது. முதல் வாயை வேறொருவர் ஊட்டிவிட வேண்டும். அதோடு துக்கம் தீர்ந்தது என்று அர்த்தம்.

போன வருஷம் ஏரியில் அரிசி பால் பிடித்த சமயம் என் மனைவி ரோசெல் போய்ச் சேர்ந்தாள். அந்த வருஷம் நான் படகையே இறக்கவில்லை. இந்த வருஷம் இறக்கினேன். அக்கா உட்காருகிற இடத்தில் ஜெரலின் உட்கார்ந்து தட்டினாள், நான் கழி ஊன்றினேன். நல்ல விளைச்சல். இலை உதிர்ந்ததும் பிள்ளைகள் இருவருக்கும் அவளே ஊட்டிவிட்டாள்.

எனக்கு நாள் குறிக்கத்தான் கேட்டுக்கொண்டே இருந்தாள். ஆலையில் வேலை கழுத்தை நெரிக்கிறது, அடுத்த வாரம் பார்க்கலாம் என்று சொல்லிக்கொண்டே வந்தேன். பனியும் விழுந்துவிட்டது.

வாயைத் திறந்தால் ரோசெல் போனது உறுதியாகிவிடும் என்று எனக்குப் பயம்.

ஆகவே அவர்களுக்கு அரிசிச் சோறு. எனக்கு அடுப்போரம் நின்றபடி ரொட்டியும் வேர்க்கடலை வெண்ணெயும். வில்லா மட்டும் மேசையில் எனக்கும் ஒரு கிண்ணம் வைப்பாள். சாப்பாடு முடிந்ததும் அது காலியாகவே அலமாரிக்குத் திரும்பும்.

"எங்க அக்கா உன்னோட எப்படித்தான் குப்பை கொட்டுனாளோ" என்றாள் ஜெரலின். "ஒரு சட்டி சோத்துக்கு உப்புப் போடத் தெரியல."

"அவ சமைச்சப்பவும் நீ இதையேதான் சொன்ன."

"அவ சமைச்சது உப்பு. நீ சமைக்கிறது தப்பு."

டானி சிரித்த சிரிப்பில் அவள் மூக்கு வழியாக ஒரு பருக்கை வந்து விழுந்தது. அதைப் பார்த்து வில்லா நாற்காலியிலிருந்து சரிந்தாள்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. பத்து மணி நேரம் பலகை அடுக்கிவிட்டு வந்தவன். உப்பு டப்பாவைத் திறந்து ஒரு கை அள்ளினேன். சட்டிக்கு நேரே கொண்டுபோனேன்.

"அப்பா, போடாத!" டானி அலறினாள்.

ஜெரலின் எழுந்து வந்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "கைக்கு வந்தபடி கொட்டுவியா? மாட்டுக்கா வைக்கிற?"

"பின்ன என்னதான் பண்ணச் சொல்ற? இருக்கா இல்லையான்னு எனக்கு எப்படித் தெரியும்? நான்தான்—"

வாய் திறந்திருந்தது. ஜெரலினின் சோற்றுக் கரண்டி உள்ளே போய்விட்டது.

நான் அவளைப் பார்த்தேன். அவள் கரண்டியை எடுக்காமல் பிடித்தபடியே நின்றாள்.

"மெல்லு, மச்சான்" என்றாள். அது கேலிக் குரல் இல்லை.

மென்றேன்.

அழுகை வரும், பிள்ளைகள் முன்னால் மானம் போகும் என்று இத்தனை நாள் பயந்திருந்தேன். வந்தது பசி. ஒரு வருஷத்துப் பசி. கையில் இருந்த உப்பைத் தட்டிவிட்டு நானே கரண்டியை வாங்கிச் சட்டிக்குள் விட்டேன். ஒரு வாய். இன்னொரு வாய். சூடு மேலண்ணத்தைச் சுட்டது. அதையும் சேர்த்து விழுங்கினேன்.

மூன்று பேரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வில்லா இரண்டு கையாலும் வாயைப் பொத்தியிருந்தாள். டானி உதட்டைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தாள்.

உப்பு சரியாகத்தான் இருந்தது.